சம்பள லெட்டர் எழுதிக் கொடுக்கும் மதுரை முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

கீழமாசி வீதியிலும் விளக்குத்தூண் பக்கத்திலும் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும், சிந்தாமணி, செல்லூர், கப்பலூர் பக்கம் மில்லும் பட்டறையும் நடத்தும் முதலாளிமார்களுக்கும் வணக்கம்.

நான் 19 வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். மாதம் 15 வந்தால் பிஎஃப், 20 வந்தால் ஜிஎஸ்டி என்று ஓடுகிற பிழைப்பு. இதற்கு நடுவில், கல்லாவில் உட்கார்ந்தபடியே நீங்கள் சொல்லும் சின்ன வேலை ஒன்று உண்டு. "ஏம்மா, நம்ம பையனுக்கு ஒரு சம்பள லெட்டர் அடிச்சுக் குடும்மா." பைக் லோனுக்கும் வீட்டு லோனுக்கும் அடித்திருக்கிறேன், பெண் வீட்டாருக்குக் காட்டக்கூட அடித்திருக்கிறேன். சில வருஷங்களாக ஜீவனாம்சக் கேஸுக்கும் அடிக்கிறேன். அந்தக் கடைசி வகை லெட்டரைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் முன்பு இருந்த கடையில் லைன் பார்க்கிற ஒருவர் இருந்தார். மேலூர், நத்தம், திருமங்கலம் என்று டிவிஎஸ்ஸில் சுற்றி ஆர்டர் எடுப்பார். (ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கு மட்டும் கணக்குதான்.) ஒரு மார்ச்சில் அவருக்கு வங்கிக் கடனுக்காக லெட்டர் அடித்தோம். மாதச் சம்பளம் 42,000 ரூபாய். அடுத்த வருஷம் பிப்ரவரியில் இன்னொரு லெட்டர். இந்தத் தடவை குடும்ப நல நீதிமன்றத்துக்கு. நான் பழைய ஃபைலைத் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்து, 42,000-ஐ அழித்து 15,000 என்று அடித்தேன். பிஎஃப் 1,800, கடை அட்வான்ஸ் 4,000, பிடித்தம் போகக் கையில் 9,200. தேதியை மாற்றினேன். 'எங்கள் நிறுவனத்தில் நன்னடத்தையுடன் பணிபுரிந்து வருகிறார்' என்ற வரியை மட்டும் மாற்றத் தேவைப்படவில்லை. முதலாளி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, ரவுண்டு சீலை ஊதிக் குத்தினார்.

இரண்டு லெட்டருமே பொய். ரிஜிஸ்டரில் 15,000 இருந்தது உண்மை. அதற்கு மேல் வவுச்சரில் ரொக்கமாக 11,000, நாளுக்கு 250 வீதம் 26 நாள் பேட்டா 6,500, டார்கெட் முடித்தால் வரும் இன்சென்டிவ் சராசரியாக 3,000. ஆக மொத்தம் 35,500. வங்கிக்குக் கூட்டிச் சொன்னோம், கோர்ட்டுக்குக் குறைத்துச் சொன்னோம். நடுவில் இருந்த நிஜமான எண் என் வவுச்சர் ஃபைலில் சும்மா கிடந்தது.

அப்போது முதலாளி சொன்ன சமாதானம் உங்களுக்கும் பழக்கமானதாகத்தான் இருக்கும். "ரிஜிஸ்டர்ல இருக்கிறதைத்தானம்மா எழுதுனோம், பொய்யா எழுதுனோம்?" நானும் அதை நம்பித்தான் அன்று ராத்திரி தூங்கினேன்.

அந்த 9,200 கோர்ட்டில் என்ன செய்தது என்று பார்ப்போம். மதுரையில் வக்கீல் குமாஸ்தா முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 'சம்பளத்தில் கால் பங்கு'. அது எங்கிருந்து வந்தது என்றால், 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமான தொகை என்று சொன்னது. நம் நாட்டில் இத்தனை சம்பளத்துக்கு இத்தனை என்று அட்டவணை எதுவும் கிடையாது. பிள்ளையின் தேவை, பெற்றோர் வசதி, அதுவரை வாழ்ந்த வாழ்க்கைத் தரம் எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் கால் பங்கு என்பது பலருடைய மனதில் ஒரு அளவுகோல் போல உட்கார்ந்துவிட்டது. 9,200-இல் கால் பங்கு 2,300. அந்தக் குழந்தைக்கு இடைக்காலமாகக் கிடைத்தது மாதம் 2,500. பள்ளி வேனுக்கு மட்டும் மாதம் 900 போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வவுச்சர் கணக்கை வைத்துப் பார்த்தால்? 35,500-இல் பிஎஃப் 1,800 போக 33,700. பேட்டாவில் பாதி ரோட்டில் டீக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும் என்று நானே தாராளமாகக் கழித்துவிடுகிறேன். அப்போதும் 30,450 நிற்கும். அதில் கால் பங்கு 7,612.

அந்த 4,000 அட்வான்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்திலிருந்து என்னென்ன கழிக்கலாம் என்பதில் நீதிமன்றங்கள் ரொம்பக் காலமாகவே தெளிவாக இருக்கின்றன. வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி மாதிரி தவிர்க்க முடியாதவை கழியும். தானாகப் போய் வாங்கிய கடன், கட்டுகிற சீட்டு, வண்டித் தவணை இவையெல்லாம் பொதுவாகக் கழியாது. கேஸ் வருகிறது என்று தெரிந்த உடனே அட்வான்ஸ் வாங்குகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், கொடுத்ததே நீங்கள்தானே.

ஒன்றரை வருஷம் கழித்து முதலாளிக்குச் சம்மன் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் மனுப் போட்டு வங்கியிலிருந்து கடன் ஃபைலை வரவழைத்திருக்கிறார். அதற்குள் நம்முடைய 42,000 ரூபாய் லெட்டர் பத்திரமாக இருந்திருக்கிறது. "நீயும் வாம்மா, ரிஜிஸ்டரைத் தூக்கிக்கோ" என்றார் முதலாளி. ஆட்டோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் கோர்ட்டு வளாகத்தில் போய் இறங்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வராண்டாவில் காத்திருந்தோம். பக்கத்து பெஞ்சில் யூனிஃபார்மோடு ஒரு பிள்ளை, நாலாம் வகுப்பு இருக்கும். அன்றைக்கு ஸ்கூல் லீவு போட வைத்திருக்கிறார்கள், ஆனாலும் யூனிஃபார்ம். நல்ல டிரெஸ் அதுதான் என்று பின்னால் புரிந்தது. அம்மா பிளவுஸ் தைக்கிறவர். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. என் மடியில் இருந்த நீளமான ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கதான் அவரு கடையில கணக்குப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா அடிச்சிருந்தீங்கக்கா, எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல" என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கூண்டில் ஏறிய முதலாளியிடம் இரண்டு லெட்டரையும் காட்டிக் கேட்டார்கள். இரண்டும் என் கையெழுத்துதான் என்றார். எது உண்மை என்று நீதிபதி கேட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். 35 வருஷம் தொழில் செய்தவர், சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர், கடனுக்குப் போன சரக்குக்கு யாரையும் மிரட்டாதவர். அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

வவுச்சர் ஃபைல் கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் தொகை மாதம் 7,000 ஆனது, அதுவும் மனுப் போட்ட தேதியிலிருந்து. அந்தத் தேதிக் கணக்கு முக்கியம். 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பது பொது விதி. எத்தனை நாள் இழுத்தடித்தாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 20 மாதத்துக்கு 4,500 வித்தியாசம் என்றால் 90,000 ரூபாய். அதைக் கட்ட அந்தப் பையன் யாரிடம் வந்து நின்றார் என்று நினைக்கிறீர்கள்? நம் முதலாளியிடம்தான், அட்வான்ஸ் கேட்டு.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது. கணவன் மனைவி இருவருமே தங்கள் சம்பளம், சொத்து, கடன், வங்கிக் கணக்கு, வாடகை வருமானம், பிள்ளைக்கு ஆகும் செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். விவசாயக் குடும்பங்களுக்கு என்று தனிப் படிவமே இருக்கிறது. பொய் சொன்னால் பொய்ச் சாட்சி நடவடிக்கை. ஜீவனாம்சம் பற்றிப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 144-ஆம் பிரிவாகிவிட்டது. இரண்டிலும் முக்கியமான ஒரு சொல் அப்படியேதான் இருக்கிறது. 'சம்பளம்' என்று அந்தப் பிரிவு எங்கேயும் சொல்லவில்லை. 'போதிய வசதி உள்ளவர்' என்றுதான் சொல்கிறது. வசதி என்றால் பேட்டாவும் வசதிதான், அப்பா பேரில் வாங்கிப் போட்ட இரண்டு சென்ட் பிளாட்டும் வசதிதான். கை கால் திடமாக இருக்கிற ஆள், வேலையே இல்லை என்று சொன்னாலும், சம்பாதிக்கும் திறன் இருக்கிறது என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். உடல் உழைப்புச் செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் 'வேலையை விட்டு நின்னுட்டான்னு ஒரு லெட்டர் குடும்மா' என்கிற அடுத்த ஐடியாவையும் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

உங்களுடைய பங்கு என்ன என்று ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். நீதிமன்ற நடவடிக்கையில் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தே பொய் விவரம் உள்ள ஆவணத்தைத் தயாரிப்பது பொய்ச் சாட்சியம் புனைவது. 7 வருஷம் வரை தண்டனை உண்டு என்றார். அப்படியெல்லாம் தினமும் யாரையும் உள்ளே போடுவதில்லை என்றும் அவரே சொன்னார். சரி, அடித்துக் கொடுத்தவளுக்கு? சிரித்தார். பதில் சொல்லவில்லை.

நீங்கள் ஏன் உண்மையை எழுதத் தயங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? பையன் மேல் பாசம் ஒரு காரணம், 'நம்ம ஊர்க்காரன், பொண்ணு வீட்டுக்காரங்க ஆடுறாங்க' என்ற கோபம் இன்னொன்று. ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியும், நிஜக் காரணம் வேறு. பிஎஃப் கட்ட வேண்டிய சம்பள வரம்பு 15,000 என்று நின்றிருந்த காலத்தில் எல்லோருடைய சம்பளத்தையும் அதிலேயே நிறுத்தி எழுதினோம். தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐக்கு ஒரு வரம்பு, அதற்கும் ஒரு கணக்கு. மீதியெல்லாம் வவுச்சர். கோர்ட்டுக்கு 35,500 என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு பிஎஃப் ஆபீஸ் வந்து நிற்குமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு குழந்தையின் ஸ்கூல் ஃபீஸை ஈடு வைக்கிறோம். வேறு எப்படி மென்மையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி நடத்துகிறவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. உங்களிடம் சம்பள லெட்டரே கேட்க மாட்டார்கள். உங்கள் மகனோ மருமகனோ தானே தொழில் செய்கிறவராக இருப்பார். மல்லி விலை உங்களுக்குத் தெரியாததா? மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும், வெயில் காலத்தில் பூ குவிந்து சில நூறுக்கு இறங்கும். கோர்ட்டில் மட்டும் எல்லோரும் மே மாதத்துக் கணக்கையே கொண்டுவந்து காட்டுகிறார்கள். தை முகூர்த்தக் கணக்கு எங்கே போனது? ஏற்ற இறக்கம் உள்ள தொழிலில் ஒரு மாதத்தைக் காட்டுவது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்பு. இரண்டு மூன்று வருஷத்தைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அது வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. வருமான வரி ரிட்டர்னில் 4,80,000 என்று காட்டிவிட்டு, அதே வருஷம் கல்யாண மண்டபத்துக்கு 3,00,000 கொடுத்திருந்தால், அந்த மண்டப ரசீதும் ஒரு வருமானச் சான்றுதான். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது கிடைக்காது என்று நினைக்காதீர்கள்.

இப்படிச் சொன்னால், ஆம்பளை வயிற்றில் அடிக்கிறாயே என்பீர்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் தெருமுனை ஹோட்டலில் ஒரு பரோட்டா மாஸ்டர். தினக்கூலி 1,100. மனைவி தரப்பு மனுவில் மாதம் 60,000 சம்பாதிக்கிறார், சொந்த ஹோட்டலில் பங்கு இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். அடுப்புச் சூட்டில் மாதம் 22 நாளுக்கு மேல் அவரால் நிற்க முடியாது. ஹோட்டல்காரர் நல்ல மனுஷன். ஆனால் கூலிக்கு நோட்டு எதுவும் வைக்கவில்லை. நீதிபதி எதை வைத்து முடிவு செய்வார்? ஊகம்தான். ஊகம் பிள்ளைப் பக்கம்தான் சாயும், சாயவும் வேண்டும். வந்த நாள், கொடுத்த கூலி என்று ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்திருந்தால் 24,200 என்று அவரால் நிரூபித்திருக்க முடியும். உண்மையை எழுதி வைத்தால் அது அப்பாவுக்கும்தான் காவல். அம்மா சம்பாதித்தால் அதுவும் கணக்கில் வரும். இருவரும் வேலை பார்க்கிற வீட்டில் பிள்ளைச் செலவை அவரவர் சம்பள விகிதப்படி பங்கு போட்டு 2000-ஆம் வருஷமே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அந்த வழக்கில் அப்பா இரண்டு பங்கு, அம்மா ஒரு பங்கு.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தடவை பையன் வந்து நிற்கும்போது லெட்டர் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். கடந்த 12 மாதம் அவர் கைக்குப் போனதை மாதவாரியாகப் போடுங்கள். வங்கியில் போட்டது இவ்வளவு, ரொக்கம் இவ்வளவு, பேட்டா இவ்வளவு, தீபாவளி போனஸ் இவ்வளவு. பெட்ரோலுக்கு பில் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் அது சம்பளம் கிடையாது, அதைத் தனியாகச் சொல்லுங்கள். பில் இல்லாமல் கொடுக்கிற பேட்டாவை அதோடு கலக்காதீர்கள். அட்வான்ஸ் இருந்தால் எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதுங்கள். தேதியைப் பார்த்து நீதிபதி புரிந்துகொள்வார். பிஎஃப் ரிஜிஸ்டர் விஷயத்தை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிச் சரிசெய்யுங்கள்; அது என்றைக்கானாலும் செய்ய வேண்டிய வேலைதான்.

பாசம் தாங்கவில்லை என்றால் பையனுக்கு வேறு வழியில் உதவலாம். தொகை தீர்மானமான பிறகு மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் அந்தத் தாயின் கணக்குக்குச் சம்பளத்திலிருந்து நேரே அனுப்ப அவரைச் சம்மதிக்க வையுங்கள். பாக்கி விழாது, வாரண்ட் வராது, வேலை நேரத்தில் வாய்தாவுக்கு ஓட வேண்டியதும் இல்லை. சும்மா விட்டால் சம்பள ஜப்தி உத்தரவு உங்கள் கடைக்கே வரலாம். சாதாரணக் கடன் தீர்ப்பு என்றால் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. உத்தரவு வந்த பிறகும் பிடித்துக் கட்டவில்லை என்றால் அந்தப் பொறுப்பு முதலாளி தலையில் விழும்.

நான் இப்போது வேறு கடையில் இருக்கிறேன். போன மாதம் குடோன் பையன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு கல்லாப் பக்கம் வந்து நின்றான். கேஸாம். முதலாளி என் பக்கம் கையைக் காட்டி, "நான் கையெழுத்துப் போடுறேன்டா. ஆனா அந்தம்மா வவுச்சரையெல்லாம் கூட்டித்தான் அடிக்கும், பாத்துக்க" என்றார். பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம், "சரிக்கா, கூட்டுங்க" என்றான். கூட்டினேன். 12 மாதத்தில் 2,91,400 வந்தது. அவனே அசந்துபோனான். "இவ்வளவாக்கா வாங்கியிருக்கேன்?" என்று கேட்டான்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவர் கடையில் கணக்கு எழுதுகிறவள்,
மதுரை.